சொத்தை நகம்: பரிசோதனையிலிருந்து புது நகம் வளரும் வரை

காரைக்குடிக்குப் பக்கத்தில் சிறிய பலகாரக் கூடம் நடத்துகிறேன். கைமுறுக்கு, சீடை, தேன்குழல், மாவுருண்டை. கல்யாண மாதங்களில் ஆறு பெண்கள் என்னோடு வேலை செய்வார்கள். அரிசி களைவது, உளுந்து கழுவுவது, அண்டா தேய்ப்பது என்று விடிந்தது முதல் கை காய்வதே இல்லை.

ஒரே வருடத்தில் எனக்கு வலது கால் பெருவிரல் நகமும் இடது கைக் கட்டைவிரல் நகமும் கெட்டன. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு ஒன்றை இரண்டுக்கும் பதினோரு மாதம் பூசினேன். எதுவும் நடக்கவில்லை. பிறகு தோல் மருத்துவரிடம் போய், ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் செய்தபோது இரண்டும் தேறின. கூடத்துப் பெண்களில் நால்வரையும் அதே வழியில் அழைத்துப்போனேன். நான் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறினார்கள். அந்த இடங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரையை முடிவுசெய்வது அவர் பொறுப்பு. ஆனால் மாத்திரை வேலை செய்வதற்கான பாதி ஏற்பாடு வீட்டில்தான் நடக்க வேண்டும்.

தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கெட்ட நகத்துக்கு மட்டும் ஒரு நகவெட்டி, நல்ல நகங்களுக்கு வேறொன்று. ஒருமுறை தேய்த்துவிட்டுத் தூக்கிப்போடக்கூடிய அட்டை அரங்கள், ஸ்பிரிட், பஞ்சு, பழைய செய்தித்தாள். கால் துடைக்கத் தனித் துண்டு. நகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க ஒரு சின்ன அளவுகோல். இவை இல்லாமல் மருந்தை மட்டும் வாங்கி வருகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் வீட்டுப் பொது நகவெட்டியை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் வீட்டில் இன்னொருவருக்கும் வரும்.

1. பூஞ்சைதானா என்று சந்தேகப்படுங்கள்

நிறம் மாறித் தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சை. மீதிக்கு வேறு காரணங்கள் உண்டு. தவறான நோய்க்கு ஒரு வருடம் மருந்து பூசுவதைவிடப் பெரிய விரயம் எதுவும் இல்லை.

பூஞ்சை பெரும்பாலும் நகத்தின் நுனியிலோ பக்க ஓரத்திலோ தொடங்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு கீற்று விழும். அது மெல்ல வேரை நோக்கி வரும். நகம் தடிக்கும், அடியில் மாவுபோல் உதிரும், வெட்டினால் நொறுங்கும். எல்லா விரலிலும் ஒரே நாளில் வராது. ஒரு காலில் பெருவிரல், அப்புறம் சுண்டுவிரல் என்று போகும்.

நகத்தில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். நடு அமுங்கிக் கரண்டிபோல் வளைந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சோதிக்க வேண்டும். பச்சை நிறமென்றால் பாக்டீரியா.

எங்கள் பக்கத்தில் அதிகம் குழப்புவது கறுத்த நகம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வருகிறவர்களில் பலருக்குப் பெருவிரல் நகம் கறுத்திருக்கும். அது பெரும்பாலும் அடிபட்டு உறைந்த ரத்தம். நகம் வளர வளர அந்தக் கறுப்பு முன்னே நகரும், வேர்ப்பக்கம் சுத்தமாகத் தெரியும். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டாம். ஆனால் அடிபட்டுத் தூக்கிக்கொண்ட நகத்தின் அடியில் பின்னால் பூஞ்சை புகலாம் என்பதால் கவனித்துக்கொண்டே இருங்கள். வேரிலிருந்து நுனிவரை கோடுபோல் ஓடும் கறுப்பு, அதுவும் அகன்றுகொண்டே போனால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாகத்தான் என்றாலும் அது புற்றுநோயாக இருக்கக்கூடும்.

மருதாணி, நகச்சாயம் இரண்டையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். சொத்தையை மறைக்க மருதாணி வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு, நானும் வைத்துக்கொண்டேன். சிவந்த நகத்தில் மருத்துவருக்கு நிறமும் தெரியாது, எல்லையும் தெரியாது.

2. கை நகத்தையும் கால் நகத்தையும் தனித்தனி நோயாகப் பாருங்கள்

என் பதினோரு மாதம் வீணானதற்கு இதுவே முதல் காரணம்.

கால் நகத்தில் வருவது பொதுவாகப் படர்தாமரைக் கூட்டத்தைச் சேர்ந்த பூஞ்சை. பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற வகை. அது கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாக உட்கார்ந்திருந்து, அங்கிருந்து நகத்துக்கு ஏறும்.

எந்நேரமும் நனைகிற கையின் கதை வேறு. அங்கே முதலில் கெடுவது நகமே இல்லை, நகக்கண். நகத்தின் அடியைத் தோலோடு ஒட்டிவைத்திருக்கும் மெல்லிய விளிம்பு ஊறி ஊறிக் கழன்றுவிடும். அந்தச் சந்தில் தண்ணீர், மாவு, வெல்லப்பாகு எல்லாம் போய்த் தங்கும். தோல் வீங்கிச் சிவக்கும், அழுத்தினால் வலிக்கும். பிறகு கேண்டிடா என்ற ஈஸ்ட் குடியேறி, நகம் பக்கவாட்டில் நிறம் மாறிக் கோணலாக வளரும். மாதக்கணக்கில் இழுக்கும் நகச்சுற்று இதுதான். ஆத்தங்குடிக் கல் பட்டறைகளில் சிமென்ட் கலவையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கைவைக்கிறவர்களுக்கும் இதே தொல்லை வரலாம். சிமென்டின் காரம் தோலை இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

இரண்டையும் பிரிப்பதன் பயன் மருந்தில் தெரியும். படர்தாமரைப் பூஞ்சைக்குச் சிறந்த டெர்பினஃபைன், கேண்டிடாவிடம் அவ்வளவாக எடுபடாது. நகச்சுற்றில் ஈரத்தை நிறுத்தாமல் எந்த மருந்து கொடுத்தாலும் நிற்காது. வீக்கத்தைக் குறைக்க மருத்துவர் சில நாளுக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதக்கூடும். பயப்பட வேண்டாம், ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கால் நகத்துக்கும் பூசிக்கொள்ளாதீர்கள்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகிவைக்கச் சொல்லும் ஆச்சிகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தோல் விளிம்பு ஏற்கெனவே கழன்ற விரலில் அந்தப் புளிப்பும் ஈரமும் எரிச்சலைத்தான் கூட்டும்.

3. மாதிரி எடுக்கும்வரை எதையும் பூசாதீர்கள்

நகத் துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் பரிசோதனை. முடிவு சீக்கிரம் கிடைக்கும். பூஞ்சையை வளர்த்து எந்த இனம் என்று பார்ப்பது இரண்டாவது. அதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் நோய்ப் பிரிவில் இதைக் கேளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறு, முந்தைய நாள்வரை களிம்பு பூசிவிட்டுப் பரிசோதனைக்குப் போவது. மேலே இருக்கும் பூஞ்சை செத்திருக்கும், அடியில் உயிரோடு இருக்கும், பூஞ்சை இல்லை என்று முடிவு வரும். இரண்டு முதல் நான்கு வாரம் பூச்சை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இன்னொரு தவறு, மருத்துவரிடம் போகிறோமே என்று நகத்தை ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்துகொண்டு போவது. நல்ல மாதிரி, நகத்தின் அடியில் கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் இடத்தில் கிடைக்கும். அதையே நீங்கள் குப்பையில் போட்டுவிட்டால் அவர் எதைச் சுரண்டுவார்?

ஒருமுறை இல்லை என்று வந்தாலும் நகத்தின் தோற்றம் அப்படியே இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முதல்முறை தவறுவது வழக்கம்தான். மாத்திரை வேண்டியிருக்கும் என்று தோன்றினால், இந்தக் காத்திருப்பு நாட்களிலேயே கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். பெயர் நினைவிலிருந்து சொன்னால் தவறும்.

4. மருந்துக்கு முன் நகத்தை மெலிதாக்குங்கள்

தடித்த நகம் ஓடு போன்றது. மேலே பூசுவது உள்ளே இறங்காது. ஆகவே மெலிதாக்கும் வேலை முதலில்.

கால் விரல்களைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். எடுத்து நன்றாகத் துடைத்து, தளர்ந்து நிற்கும் பகுதியை மட்டும் நேர்கோட்டில் வெட்டுங்கள். மூலைகளை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். பிறகு மேற்பரப்பை அட்டை அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். வலித்தாலோ சிவந்தாலோ நிறுத்திவிட வேண்டும். அடியில் இருக்கும் மாவைக் குச்சியால் குடையாதீர்கள். குடைந்தால் ஒட்டியிருக்கும் நல்ல நகமும் அடிச்சதையை விட்டுப் பிரிந்து, பூஞ்சைக்குப் புதிய இடம் கிடைக்கும்.

செய்தித்தாளை விரித்து அதன்மேல் செய்யுங்கள். முடிந்ததும் தாளை மடித்துக் குப்பையில் போட்டு, அரத்தையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அதே அரத்தால் பக்கத்து நல்ல நகத்தைத் தேய்ப்பது, நோயைக் கொண்டுபோய் விதைப்பதாகும்.

மிகவும் தடித்த நகத்துக்கு 40 சதவீத யூரியா களிம்பைப் பூசிக் கட்டுப்போட்டு மென்மையாக்கும் முறை உண்டு. சுற்றியுள்ள தோலை மறைக்கத் தெரியாமல் அதைச் செய்தால் புண்ணாகும். முதல்முறை மருத்துவமனையில் செய்துகொள்வதே நல்லது.

5. பூச்சு மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா

நகத்தில் பாதிக்கும் குறைவாக, நுனிப்பக்கம் மட்டும், ஓரிரண்டு விரலில் மட்டும் என்றால், நகச்சாயம்போல் பூசிக் காயவிடும் மருந்துப் பூச்சில் தொடங்கலாம். வேர்ப்பக்கம் போய்விட்டால், அல்லது பல நகங்கள் என்றால், பூச்சு மட்டும் போதுவது அரிது. நகம் வேரில் உற்பத்தியாகிறது. உற்பத்தியாகும் இடத்திலேயே பூஞ்சை இருந்தால், ரத்தத்தின் வழியாகத்தான் மருந்து அங்கே போக முடியும்.

6. பூச்சு பூசும் முறை

அமோரோல்ஃபின் 5 சதவீதப் பூச்சு வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ. சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சு தினமும். இதை முந்தைய பூச்சின்மேலேயே பூசி, வாரம் ஒருநாள் ஸ்பிரிட்டால் முழுவதையும் துடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பலர் இந்தத் துடைப்பை மறந்து ஒரு மாதம் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மேலே கண்ணாடிபோல் அடுக்கு ஏறும், மருந்து நகத்தைத் தொடாது.

அமோரோல்ஃபின் பூசும் ஒவ்வொரு முறையும், சைக்ளோபிராக்ஸைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் நாளிலும் வரிசை இதுதான்: அரத்தால் தேய்ப்பது, ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது, காயவிடுவது, பூசுவது, மீண்டும் சில நிமிடம் காயவிடுவது. ஸ்பிரிட் எண்ணெய்ப் பசையை எடுக்கும். பசை இருந்தால் பூச்சு உரிந்துவரும். முறுக்கு சுட்டுவிட்டு அப்படியே பூசிக்கொண்ட பெண் ஒருத்தி, இரண்டு நாளில் அது பிளாஸ்டிக் காகிதம்போல் கழன்று வந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். சைக்ளோபிராக்ஸ் பூசினால் எட்டு மணி நேரம் கழுவக் கூடாது என்பதால் இரவில் படுக்கும் முன் பூசுங்கள்.

எந்தக் கிழமை என்பதையும் முன்கூட்டி முடிவுசெய்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளியில் நகத்தில் கைவைக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில். அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தால் வாரம் தவறும். ஞாயிறு, புதன் பகலில் வெட்டித் தேய்த்துவிட்டேன், பூச்சு இரவில். பெரியவர்களுக்கும் குறையில்லை, எனக்கும் நாள் மறக்கவில்லை.

கை நகத்துக்கு ஆறு மாதம், கால் நகத்துக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை பூச வேண்டியிருக்கும்.

7. மாத்திரை என்றால்

கால் நகத்துக்குப் பொதுவாக டெர்பினஃபைன் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, பன்னிரண்டு வாரம். கை நகத்துக்கு ஆறு வாரம். இட்ராகோனசோல் என்றால் தினமும் ஒரு முறை, அல்லது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டு மூன்று வாரம் நிறுத்தும் முறை. அளவு உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். இணையத்தில் படித்துவிட்டுக் கடையில் வாங்காதீர்கள், காரணம் கீழே.

கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு டெர்பினஃபைன் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆபத்து. கொலஸ்ட்ராலுக்கான மாத்திரைகளில் சிலவற்றோடும் அது சேராது. வயிற்று எரிச்சலுக்குச் சாப்பிடும் மாத்திரை அதன் வேலையைக் குறைத்துவிடும். இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டுக்குப் பிறகே விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது. கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் நக மருந்தைத் தள்ளிப்போடலாம், நகம் காத்திருக்கும்.

பசியே இல்லாமல் போவது, விடாத குமட்டல், சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, உடம்பில் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். டெர்பினஃபைனில் சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும். பலகாரத்துக்கு உப்புப் பார்க்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை; அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை முடிந்த நாளில் நகம் பழையபடியே இருக்கும். அங்கேதான் பலர் மனம் உடைகிறார்கள். மருந்து நகத்தில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் ஒரு வருடம் வளரும் நகத்துக்கு மூன்று மாத மருந்து போதுமானதாகிறது.

8. தொடங்கிய அன்றே கால் தோலையும் செருப்பையும் கவனியுங்கள்

விரல் இடுக்கில் வெளுத்து உரியும் சேற்றுப்புண்ணுக்கும், உள்ளங்காலில் மாவு பூசினாற்போல் உரியும் தோலுக்கும் பூஞ்சைக் களிம்பு அன்றே தொடங்க வேண்டும். நகத்தை மட்டும் சரிசெய்தால் பக்கத்து வீட்டிலிருந்து திருடன் திரும்பி வருவதுபோல் வந்துவிடும். இரண்டு மூன்று மருந்துகள் கலந்து, ஸ்டீராய்டும் சேர்ந்த களிம்புகளை வாங்காதீர்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை அகலமாகப் பரவும். டெர்பினஃபைனுக்கு மசியாத படர்தாமரை இந்தியாவில் பரவியிருக்கிறது. அரைகுறையாக மருந்து போட்டு நிறுத்துவதும் கலவைக் களிம்புகளும் நிலைமையை மோசமாக்குகின்றன.

மூடிய ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒருநாள் விட்டுப் போடுங்கள், உட்புறம் காய வேண்டும். பழைய ரப்பர் செருப்பு பாசி பிடித்திருந்தால் தூக்கிப்போடுங்கள். காலுறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். எங்கள் வீடுகளில் வளவும் முற்றமும் கழுவிவிட்டு ஈரத் தரையில் எல்லோரும் வெறுங்காலோடு நடப்போம். தரை காய்ந்த பிறகு நடந்தால் போதும். வீட்டுக்குள் செருப்புப் போடச் சொல்லி நான் யாரிடமும் வாதாடவில்லை.

9. கண்ணால் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள்

கெட்ட நகம் நல்ல நகமாக மாறாது. வேரிலிருந்து புது நகம் வந்து அதை வெளியே தள்ளும், நாம் வெட்டிப்போடுவோம், அவ்வளவுதான். கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவு வளரும். முழுதாக மாற ஆறு மாதம். கால் பெருவிரல் நகம் மாதம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான், முழுதாக மாறப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்.

தொடங்கும் நாளில், நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் இடத்தில் அரத்தின் ஓரத்தால் மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். அளவுகோலை ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே கோணத்தில் மீண்டும். கீறல் முன்னே நகர, அதற்குப் பின்னால் வருவது தெளிவாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. சொத்தை கீறலைத் தாண்டி வேர்ப்பக்கம் வந்தால் வேலை செய்யவில்லை. மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி இரண்டாவது மாதம், ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிடப் பார்த்தாள். முதல் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வேரில் இரண்டு மில்லிமீட்டர் புது நகம் இளஞ்சிவப்பாக இருந்தது. அப்புறம் அவள் ஒரு புதன்கூடத் தவறவிடவில்லை.

10. ஈர வேலை செய்கிறவர்களுக்கு

ரப்பர் கையுறை போட்டால் போதும் என்று நினைத்தேன். ஈரக் கையோடு அதை மாட்டி, மூன்று மணி நேரம் கழற்றாமல் வேலை செய்தேன். உள்ளே வேர்த்து, விரல் ஊறி, நகச்சுற்று முன்பைவிட மோசமானது.

கை காய்ந்த பிறகு, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர். உள்ளே நனைந்ததும் பருத்தியை மாற்ற வேண்டும். ஒருவருக்கு நான்கு ஜோடி வேண்டியிருக்கும். நனையும் வேலைகளை ஒரே மூச்சாக முடித்துவிட்டு, உருட்டுவது, சுற்றுவது, பொட்டலம் கட்டுவது போன்ற உலர்ந்த வேலைகளைப் பிறகு வைத்துக்கொள்கிறோம். முன்பு இரண்டும் மாறி மாறி வந்தது. நாள் முழுவதும் கை நனைந்தது. வேலை வரிசையை மாற்றியது மருந்துக்குச் சமமாக உதவியது என்பேன். நகக்கண் தோலை மட்டும் ஒருபோதும் தள்ளிவிடவோ கடிக்கவோ வெட்டவோ கூடாது, அதுதான் கதவு.

11. சர்க்கரை உள்ளவர்கள்

மேலே நான் சொன்ன வெட்டுவது, தேய்ப்பது எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் தெரியாது. அந்தக் காயத்தில் சீழ் பிடித்துக் கால் முழுவதும் வீங்கலாம். நகத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, காய்ச்சல் இருந்தால் அது அவசரம்.

12. நகம் முழுதாகிய பிறகு

திரும்பி வருவது சகஜம். விரல் இடுக்குகளைக் குளித்ததும் துடைப்பது, வாரம் ஒருமுறை ஒவ்வொரு நகத்தின் நுனியையும் வெளிச்சத்தில் பார்ப்பது, சேற்றுப்புண் தலைகாட்டிய அன்றே களிம்பு போடுவது. இவற்றை விட்டுவிடாதீர்கள். நகவெட்டியைச் சோப்பில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்து மூடிவையுங்கள். யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். என்னுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்; கூடத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை.